சேவைச் சங்கத்தின் ஓராண்டு: சேலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோட்டரி ஆகட்டும், லயன்ஸ் ஆகட்டும், சங்க ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிந்துவிடும். புதுத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் கையில் இருப்பது பன்னிரண்டே மாதம். ஆனால் சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் வேறொரு நாட்காட்டி உண்டு. ஆடியில் மாரியம்மன் பண்டிகை, அதற்குப் பிறகு மழை, தீபாவளிக்கு முன்னால் தறியிலும் பட்டறையிலும் ஓயாத வேலை, மார்கழிக் குளிரோடு மலையில் காப்பிப் பழம் பறிப்பு, மே மாதம் ஏற்காடு கோடை விழா. சங்கத்தின் தேதிக்கு ஊரை இழுக்கப் பார்க்கும்போதுதான் பணமும் ஆளும் நல்ல மனசும் இருந்தும் வேலை வீணாகிறது. இந்த ஜூலையில் பொறுப்பேற்பவர்களுக்கு இது உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

பதவியேற்பும் மரக்கன்றும்

பதவியேற்பு விழா வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது. அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மண்டபம், பிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்தோ தலைவரின் சொந்தப் பையிலிருந்தோ வர வேண்டும். பொதுமக்களிடம் வசூலித்த பணத்தில் ஒரு ரூபாய்கூட இதில் கலக்கக் கூடாது. லயன்ஸ் அமைப்பில் இது எழுதி வைத்த விதியே: பொதுமக்கள் தந்த பணம் சேவைக்கு மட்டும், நிர்வாகச் செலவுக்குத் தனிக் கணக்கு. எந்தச் சங்கமானாலும் வங்கியில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. வசூலைத் தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், ஜூன் மாதம் கணக்கு முடிக்கும்போது எது சங்கப் பணம், எது அவர் வீட்டுப் பணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 80ஜி வரிச்சலுகை உண்டு என்று சொல்லி நன்கொடை கேட்பவர்கள் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

பதவியேற்ற கையோடு மரக்கன்று. வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருவதால் நம் சங்கங்களும் அப்போதே நட்டுவிடுகின்றன. சேலத்தில் ஜூலை காற்று மாதம். நின்று பெய்யும் மழை ஆகஸ்டுக்கு மேல்தான். செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் மண் நன்றாக நனைகிறது. ஜூலையில் குழி எடுங்கள், எரு போட்டு ஆறவிடுங்கள், புரட்டாசியில் நடுங்கள். குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழமாவது இருக்கட்டும். தெருவோரத்துக்குப் புங்கன், பூவரசு, வேம்பு. ஏரிக்கரைக்கு நாவல், மருது. மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பார்க்காமல் வேம்பு வைத்தால், நான்கு வருடம் கழித்து மின்வாரியம் வந்து வெட்டத்தான் செய்யும்.

பள்ளியில் நடும் கன்றுக்கு ஆபத்து முதல் கோடை விடுமுறையில் வருகிறது. பள்ளி நடக்கும் வரை பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் கேட்டைப் பூட்டிய பிறகு, வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் ஊற்ற ஆள் இல்லை. மீண்டும் பள்ளி திறக்கும்போது இரும்புக் கூண்டு அப்படியே நிற்கும், சங்கத்தின் பெயர்ப் பலகை பளிச்சென்று இருக்கும், உள்ளே ஒரு காய்ந்த குச்சி. நடும் முன்பே பள்ளியின் இரவுக் காவலரிடமோ எதிர்வீட்டு அம்மாவிடமோ பேசி, அந்த விடுமுறை நாட்களுக்கு ஒரு சிறு தொகையும் ஒதுக்கிவிட வேண்டும். நூறு கன்று நட்டோம் என்று சொல்வதைவிட இருபதை இரண்டு கோடை தாண்ட வைப்பது பெரிய வேலை. 2010-ல் கன்னங்குறிச்சி மூக்கனேரியைத் தூர்வாரிய குடிமக்கள் அமைப்பினர், எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து அதில் மரம் வைத்தார்கள். தண்ணீருக்கு நடுவிலேயே மரம். மண்ணுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து யோசித்தவர்கள் செய்த வேலை அது.

ரத்த தானம்: எண்ணிக்கை மயக்கம்

ரத்த தான முகாமை நடத்தாத சங்கமே இல்லை. தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்த தான நாள். அந்த வாரம் ஊரில் நாலா பக்கமும் முகாம். ஜூன் 14 உலக ரத்த தானத் தினத்திலும் அப்படித்தான். ஆனால் ரத்தம் அலமாரியில் அடுக்கி வைக்கும் பொருள் இல்லை. தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் 42 நாள்தான் வரம்பு. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான யூனிட் வந்து குவிந்தால் ரத்த வங்கிக்கும் சிரமம், கொடுத்தவர்களும் அடுத்த மூன்று மாதத்துக்குக் கொடுக்க முடியாது. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது விதி. பஞ்சம் வருவது கல்லூரிகள் மூடிக்கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில். பிரசவமும் விபத்தும் டயாலிசிஸும் கல்லூரி விடுமுறை பார்த்து நிற்பதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நம் மாவட்டம் மட்டுமா வருகிறது, பக்கத்து மாவட்டங்களும் அதைத்தான் நம்பியிருக்கின்றன.

அதனால் முகாம் தேதியைச் சங்கம் முடிவு செய்துவிட்டு ரத்த வங்கிக்குத் தகவல் சொல்லாதீர்கள். முதலில் அங்கே போய், எந்த மாதம் தட்டுப்பாடு, ஒரு நாளில் எத்தனை யூனிட் வாங்க முடியும் என்று கேளுங்கள். ஒரே பெரிய முகாமை வருடத்துக்கு நான்கு சிறிய முகாமாகப் பிரியுங்கள். அதில் ஒன்று கட்டாயம் மே மாதம் இருக்கட்டும். அதற்குக் கல்லூரியை நம்ப முடியாது. சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பு, செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிகள், ஐந்து ரோடு பக்கத்துக் கடைகள், ஜவ்வரிசி ஆலைகள் என்று தேடிப் போக வேண்டும்.

மாணவர்களை வரிசையில் நிறுத்திக் கட்டாயப்படுத்துவது தவறு. அட்டெண்டன்ஸ் தருகிறோம் என்று ஆசை காட்டுவதும் தவறுதான். கொடுக்கக் கூடாத காரணம் ஒன்று இருப்பவன் சகமாணவர்கள் முன்னால் அதைச் சொல்ல மாட்டான், அது நோயாளியைத்தான் பாதிக்கும். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்தவர்களைக் கொடுக்க விடாதீர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

யாரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆசையோடு வரும் பெண்களில் பலர் இந்த இடத்தில் திரும்பிப் போகிறார்கள். “உங்களுக்கு ரத்தம் கம்மிம்மா, அடுத்த தடவை பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவதோடு நம் வேலை முடிந்ததா? அந்தப் பெண்ணுக்கு ரத்தசோகை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அவர் வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரைச் சொல்லி, ஒரு மாதம் கழித்து ஒரு போன் செய்ய வேண்டும். முகாமில் கிடைத்த யூனிட்டுக்குச் சமமான சேவை இது. அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லாததால் செய்யாமல் விடுகிறோம்.

கண் முகாமுக்கு யார் வர முடியும்?

சேலத்தில் குகை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் முகாம் போடுபவர்கள் முதலில் அங்குள்ள தொழிலைப் பார்க்க வேண்டும். தறிக்காரருக்கும் கொலுசுப் பட்டறைக்காரருக்கும் செய்த வேலைக்குத்தான் கூலி. வாரநாள் காலை பத்து மணிக்கு முகாம் என்றால் அரைநாள் கூலி போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூப்பிட்டால் யாருமே வர மாட்டார்கள். ஆடிப் பண்டிகை வாரத்தில் குகையில் வண்டி வேடிக்கை என்னும் அலங்கார வண்டி ஊர்வலம், தெருவெல்லாம் கூழும் பொங்கலும். அப்போது தேவைப்படுவது குடிதண்ணீர், முதலுதவி, கூட்டத்தில் தொலைந்த குழந்தையைப் பிடித்து உட்கார வைக்க ஒரு பந்தல். கண் பரிசோதனை மேசையை ஆவணி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாம்.

கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவருக்குக் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிவதுதான் சோறு போடுகிறது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு கிட்டத்தில் பார்க்க உதவும் ஒரு சாதாரணக் கண்ணாடி இன்னும் பல வருட வேலையைத் திருப்பித் தரும். முகாம்களில் கண்புரைக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை.

கண்புரையிலோ, எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதே கணக்காகிவிட்டது. எத்தனை பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள் என்று கேளுங்கள். பாட்டி ஒருவர் வருகிறார். கையில் மஞ்சள் பை, அதற்குள் பாதி தீர்ந்த சுகர் மாத்திரை அட்டை, நான்காக மடித்த ஆதார் நகல். டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்கிறார். பாட்டி, “பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் கண்ணு” என்று எழுந்து போகிறார். நம் ஆள் நோட்டில் ‘விருப்பமில்லை’ என்று எழுதிக்கொள்கிறார். பயம் ஒரு காரணமாக இருக்கலாம். கூட வந்து ஆஸ்பத்திரியில் தங்க ஆள் இல்லாமல் இருக்கலாம், வீட்டில் ஆட்டையும் பேரனையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கலாம், சர்க்கரை கட்டுக்குள் வராமல் இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. பையனின் போன் நம்பரை வாங்கி, அன்று மாலையே உறுப்பினர் ஒருவர் பேசினால் வழி பிறக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறு பரிசோதனைக்கு அழைத்துப் போக வண்டி ஏற்பாடும் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும். சொட்டு மருந்தை நடுவில் விட்டுவிட்டுக் கண் சிவந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க அப்புறம் யாரும் போவதில்லை.

மலைக்குப் போகும்போது

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியதும் ஏற்காடு டவுனில் வண்டி நின்றுவிடுகிறது. அங்கே போர்வை, சாப்பாடு, போட்டோ, ஏரியில் ஒரு படகுச் சவாரி, சாயங்காலம் இறக்கம். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் கிராமங்கள் டவுனிலிருந்து இன்னும் உள்ளே இருக்கின்றன. கார் சுலபமாகப் போகும் ஊர்களுக்கே ஒவ்வொரு சங்கமும் வருடா வருடம் போர்வை கொடுத்துக்கொண்டிருந்தால், பாதை கடைசியில் முடியும் ஊருக்கு எதுவும் போய்ச் சேராது. பஞ்சாயத்திலும், அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரிடமும், கிராமச் செவிலியரிடமும் கேட்டால் யார் எங்கே விடுபட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி கடைசி வரை, வாரநாள் பகலில் ஊருக்குள் போனால் வயசானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மருத்துவ முகாம் யாருக்குத் தேவையோ அவர்கள் எஸ்டேட்டில் நிற்பார்கள். விடுமுறை நாளில் போங்கள், இல்லையென்றால் எஸ்டேட் நிர்வாகத்திடம் பேசி அங்கேயே நடத்துங்கள்.

பழைய துணி மூட்டையைக் கொண்டுபோய் இறக்காதீர்கள். கிழிந்ததும் பித்தான் இல்லாததும் கலந்து கிடக்கும் மூட்டையை அந்த மக்கள் நடுத்தெருவில் கிளறிப் பார்க்க வேண்டிய நிலைக்கு நாம் ஆளாக்கக் கூடாது. கொடுப்பதானால் புதியது, குறைவாக இருந்தாலும் சரி. வாங்குபவர் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பச் சொல்வதும் வேண்டாம், அதுவும் பிள்ளைகளை வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. நூறு பேருக்குச் சாப்பாடு கொண்டு போகும் சங்கம் வாழை இலையோ எவர்சில்வர் தட்டோ சேர்த்துக் கொண்டு போக வேண்டும், குப்பையைக் கீழே எடுத்து வரச் சாக்கும் வேண்டும்.

மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதை முழுக்க வண்டி. அந்தச் சமயத்தில் மலைக் கிராமத்துக்குத் திட்டம் போட்டால் பாதி நாள் டிராபிக்கிலேயே போய்விடும்.

மார்ச்சுக்குப் பிறகு

விருது விண்ணப்பம் நெருங்கும்போது சங்கங்களுக்கு ஒரு வேகம் வருகிறது. மிச்சமிருக்கும் பணத்தைத் தீர்க்க அவசர அவசரமாக ஒரு பள்ளிக்கு ஆர்.ஓ. மெஷின், இன்னொரு பள்ளிக்குக் கழிப்பறை. கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு உண்டா, தினமும் கழுவ யாருக்குச் சம்பளம் என்று கேட்காமல் கட்டினால் ஆறு மாதத்தில் பூட்டு விழுந்துவிடும். பெண் பிள்ளைகள் பழையபடி தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டுவார்கள். பணம் மிஞ்சினால் மிஞ்சட்டும். அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போவதில் தப்பே இல்லை.

“என் வருஷத்தில் செய்தது” என்று ஒவ்வொரு தலைவரும் புதிதாக ஒன்றைத் தொடங்க நினைப்பது இயல்புதான். ரோட்டரி 1985-ல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில். போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச் 27-ல். இடையில் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! எல்லோரும் அதே சொட்டு மருந்து டப்பாவைத்தான் தூக்கினார்கள்.

ரோட்டரி சங்கங்களில் அடுத்த நிர்வாகிகள் டிசம்பருக்குள் தேர்வாகிவிடுகிறார்கள். அதாவது ஆறு மாத அவகாசம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து அவர்களைப் போர்டு மீட்டிங்கில் உட்கார வையுங்கள், ரத்த வங்கிக்கும் பஞ்சாயத்துக்கும் கூடவே அழைத்துப் போங்கள். ஜூன் மாதம் ஒரு கோப்பு கை மாற வேண்டும்: எந்தப் பள்ளியில் எந்த மெஷின், பில்டர் கடைசியாக மாற்றிய தேதி, மெக்கானிக்கின் நம்பர், மறு பரிசோதனை பாக்கியுள்ள கண் நோயாளிகளின் பட்டியல், ரத்தக் கொடையாளர்கள் கடைசியாகக் கொடுத்த நாள், எந்தத் தெருவில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, எந்த மலைக் கிராமத்துக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஜூலை முதல் போர்டு மீட்டிங்கில் பதவியேற்பு விழாக் கணக்கைப் பேசுவதற்கு முன்னால் இந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு உறுப்பினர் பெயரை எழுதிவிடுங்கள்.