ஹோட்டன் சமவெளி: மரைக்குப் பாண் நீட்டுகிறவர்களுக்கு

போன ஞாயிறும் இலங்கை மலைநாட்டு ஹோட்டன் சமவெளிப் பூங்காவில் அதே கூத்து. வேனை விட்டு இறங்கியதும் ஒரு தம்பி பாண் துண்டைக் காட்டி மரையை, அந்தப் பெரிய காட்டு மானை, கூப்பிடுகிறான், கூட வந்தவன் போனைத் தூக்கிப் பிடிக்கிறான். 15 வருஷத்துக்கு முந்தி நானும் அங்கேதான் நின்றேன். ஜெர்சி, சப்பாத்து பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுவோம், அங்கே செய்யக்கூடாததை மட்டும் சொல்கிறேன்.

மரைக்குத் தீனி

அன்றைக்கு வந்தது கிளைக்கொம்புள்ள ஆண் மரை. மூக்கெல்லாம் ஈரம், கழுத்து மயிரில் பனித்துளி. என் கையிலிருந்த பாணை முடித்ததும், திறந்து கிடந்த வேன் கதவுக்குள் தலையை விட்டது. கொம்பு இடிபட இடிபட, சீட்டிலிருந்த சோற்றுப் பார்சலைக் கவ்வி வெளியே இழுத்தது. சோறு புல்லில் கொட்டிவிட்டது. சோறு சுற்றியிருந்த, கறி ஊறிய பொலித்தீன் லஞ்ச் சீட்டைத்தான் சவைத்து விழுங்கியது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

மரை மாடு மாதிரி அசைபோடும் பிராணி. உள்ளே போன பொலித்தீன் இரைப்பையிலேயே தங்கிவிடும். சேரச் சேர வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், புல் இறங்காது, மெலிந்தே சாகும். இங்கே செத்த மரைகளின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்திருக்கிறார்கள். வாசலில் பையைத் திறந்து பிஸ்கட் உறையைக்கூடக் கழற்றச் சொல்வது அதனால்தான். அதற்கும் சண்டை பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள்!

"வெறும் பாண்தானே அண்ணே?" என்று அந்தத் தம்பி கேட்டான். கையில் வாங்கித் தின்று பழகிய மரை அடுத்து பையைத்தான் தேடும். சிறுத்தைக்கு இந்த வெளியில் முக்கிய இரையே மரைதான். அப்படிப்பட்டது கார் பார்க்கில் பிஸ்கட்டுக்கு நின்றால் அது காட்டு மிருகமா, கடைத்தெரு மாடா?

பத்து மணிக்கு உலக முடிவு

உலக முடிவு என்கிற அந்த மலை விளிம்புக்கு அந்நேரம் போனால் மூடுபனியைத்தான் பார்ப்பீர்கள். காலை 6 மணிக்கே வாசலில் நில்லுங்கள்.

ஸ்பீக்கர்

வேண்டாம்.

புல்வெளியில் குறுக்கே இறங்குவது

மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? புல்லுக்கு அடியில் சேறு. எனக்கு ஒரு சப்பாத்து போனது.

எட்ட இருப்பதையே பார்த்து நடப்பது

சுற்றுப்பாதை 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எல்லோருக்கும் உலக முடிவின் அந்த 870 மீட்டர் பள்ளத்தைப் பார்க்கத்தான் அவசரம். ஒருமுறை தண்ணீர் குடிக்க நின்ற ஒரு அக்கா, பாசி பிடித்த கிளையில் விரலளவு ஓணானைக் கண்டார். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு. நம் மலைநாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான். அரை மணி நேரம் அசையவே இல்லை. முன்னால் போன பதினொரு பேரும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார்கள்.