மழைக்கு முன்னம் கூரைப் பீலியைப் பாருங்கள்

கொழும்பில் வீட்டைத் தயார்படுத்துவதென்றால் மழைக்குத்தான். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை. ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. வெள்ளவத்தையில் எங்கள் முன்னறைச் சுவர் ஒவ்வொரு மழைக்கும் ஊறி, பெயின்ற் கொப்பளித்து உதிர்ந்தது. ஓடு வெடித்திருக்கும் என்றார்கள். குழாயால் முதலில் சுவரில், பிறகு கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரை ஏந்தும் பீலிக்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பீலி நிரம்பியதும் உட்பக்கமாகச் சுவரில் வழிந்தது. உள்ளே மாவிலை மக்கிக் கறுத்த சேறு; சரிவும் பிழை.

சேற்றை அள்ளி, பீலியைத் தாங்கும் பிடிகளைக் கழற்றி, சரிவு பார்க்க நூல் கட்டி, 3 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் இறங்கும்படி திரும்பப் பூட்டினோம். பீலியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்குக் கம்பிவலை போட்டோம். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ற். ஈரத்தில் அடித்தால் மறுபடி கொப்பளிக்கும். பீலியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பும் பெருகும். பிள்ளைகள் உள்ள வீடென்றால் சித்திரையிலேயே ஏணி வைத்து ஏறிப் பீலியைப் பார்த்துவிடுங்கள்.