கவுன்சிலருக்கு எவ்வளவு கொடுப்பது? கணக்கு தவறும் இடங்கள்

காலை ஆறு மணிக்கு முதல் போன்: குடிநீர் லாரி வரவில்லை. ஏழு மணிக்கு அடுத்த தெருவில் ஒரு சாவு. மயானத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், இறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது என்று அந்த வீட்டுப் பையனுக்கு விளக்க வேண்டும். பத்து மணிக்குச் சாக்கடை அடைப்பு. மாலையில் தெருவிளக்கு. ஒரு வார்டு உறுப்பினரின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. இதில் எங்குமே மன்றக் கூட்டம் இல்லை. ஆனால் அவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்ட பணம் நெடுங்காலமாகக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததற்கு மட்டும்தான். அதனால்தான் அதற்கு அமர்வுப்படி என்று பெயர்.

தவறுகளில் முதலாவது இதுவே. மற்றவை பலவும் இதிலிருந்து கிளைத்தவை. கூட்டத்தை அளவுகோலாக வைத்தால், மாதம் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவரும், முப்பது நாளும் தெருவில் நிற்கிறவரும் ஒரே தொகையைத்தான் வாங்குவார்கள். கூட்டம் அதிகம் நடந்தால் பணம் கூடும் என்பதால், ஒரு நாளில் முடிகிற பொருளை இரண்டு கூட்டமாக நீட்டும் ஆசையும் வரும். மதிப்பூதியம் என்பது பொறுப்புக்கு மாதந்தோறும் தருவது. அமர்வுப்படி வந்து அமர்ந்ததற்கு. பயணப்படி கையிலிருந்து செலவழித்ததைத் திருப்பித் தருவது. மூன்றும் மூன்று கேள்விகளுக்கான பதில். மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டு ‘சம்பளம்’ என்று அழைப்பதால்தான், தேநீர்க் கடையில் தொடங்கும் விவாதம் சட்டமன்றம் வரை குழம்பிப் போகிறது.

தமிழகத்தின் நகர்ப்புற அமைப்புகளில் இது ஓரளவு சரியானது 2023 ஜூலையில்தான். மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, உறுப்பினருக்கு 10,000 என்று மாத மதிப்பூதியம் வந்தது. நகராட்சியில் தலைவருக்கு 15,000, துணைத் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 5,000. பேரூராட்சியில் முறையே 10,000, 5,000, 2,500.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ‘இத்தனை பேருக்குமா? கஜானா தாங்குமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பெருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். 2022 தேர்தலில் மாநகராட்சிகளில் 1,374 வார்டுகள், நகராட்சிகளில் 3,843, பேரூராட்சிகளில் 7,621. எல்லோரையும் சாதாரண உறுப்பினராகவே வைத்துக் கணக்கிட்டால் மாதம் சுமார் 5 கோடியே 20 லட்சம், ஆண்டுக்கு 62 கோடியை ஒட்டி வரும். ஒரு மாநிலத்தின் நகரங்கள் முழுவதற்கும் இவ்வளவுதான். பெரிய நகரத்தில் ஒரு மேம்பாலம் கட்ட இதைவிட அதிகம் ஆகும்.

கிராமப்புறத்தில் வேறொரு ஏமாற்று நடக்கிறது: மடங்குக் கணக்கு. 2022 ஏப்ரலில் மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியப் பிரதிநிதிகளின் அமர்வுப்படி பத்து மடங்கும், கிராம ஊராட்சிப் பிரதிநிதிகளின் அமர்வுப்படி ஐந்து மடங்கும் உயரும் என்று அறிவிக்கப்பட்டது. தலைப்புச் செய்தியில் ‘ஐந்து மடங்கு’ பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் ஐம்பது ரூபாய்ப் படியை ஐந்தால் பெருக்கினாலும் 250தான் வரும். அதே ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனால் 2025-26 ஆம் ஆண்டுக்கான ஒரு நாள் கூலி 336 ரூபாய். கூலி வேலை செய்து பிழைக்கிற பெண் வார்டு உறுப்பினரானால், கூட்ட நாளில் அவருக்கு நட்டம். உயர்வு எத்தனை மடங்கு என்பதல்ல, கடைசியில் கையில் நிற்பது எத்தனை ரூபாய், அது அந்த ஊரின் ஒரு நாள் கூலிக்கு மேலா கீழா என்று பார்ப்பதே நேரான வழி.

‘சேவைக்கு எதற்குக் காசு?’ என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். கேட்பவர் பெரும்பாலும் கூலிக்குப் போகாதவராக இருப்பார். உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பெருமையோடு சொல்கிறோம். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில் வேட்பாளருக்கான முதல் தகுதிகளில் ஒன்று, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்பது. பெருமை பேசும்போது இந்த வரியை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறோம். இன்று அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் படியை ஒப்புக்கு ஒரு தொகையாக வைத்தால், எழுதாமலே அந்தக் கால் வேலி திரும்பி வந்துவிடும்: வாடகை வருகிறவர், ஒப்பந்தத் தொழில் செய்கிறவர், வட்டிக்கு விடுகிறவர் மட்டுமே ஐந்தாண்டு தாக்குப் பிடிப்பார்கள்.

இதற்காக, நல்ல ஊதியம் கொடுத்தால் கமிஷன் ஒழிந்துவிடும் என்று சொல்வதும் தவறு. அப்படிச் சொல்லி உயர்வு வாங்கியவர்கள், அடுத்த ஊழல் செய்தி வரும்போது வாதத்தையே இழந்துவிடுகிறார்கள். ஊழலுக்குத் தணிக்கை வேண்டும், டெண்டர் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஏழையும் அந்த நாற்காலியில் அமர முடிய வேண்டும் என்பதே ஊதியத்துக்கான காரணம். அந்த ஒரு காரணம் போதும்.

பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்று தமிழகம் 2016 இல் சட்டம் செய்தது. படியை நிர்ணயிக்கும்போது அந்தச் சட்டம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கைக்குழந்தையையும் படுத்த படுக்கையான மாமியாரையும் யாரிடம் விட்டுவிட்டு அவர் கூட்டத்துக்குப் போவார்? இங்கிலாந்தில் 2003 ஆம் ஆண்டு விதிமுறைகள், உறுப்பினரைச் சார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவுக்கென்றே தனிப் படி தர மன்றங்களுக்கு வழி செய்திருக்கின்றன. நம்மிடம் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பதவி மனைவிக்கு, நிர்வாகம் கணவருக்கு என்று கேலி பேசுவது மட்டும் நடக்கிறது.

எல்லோருக்கும் ஒரே தொகை என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மன்றத்துக்குள் அடிப்படைத் தொகை எல்லா உறுப்பினருக்கும் சமமாக இருப்பது நியாயம். ஆளுங்கட்சிக்காரருக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்காரருக்கு ஒன்று என்று ஆகிவிடக் கூடாது. ஆனால் சென்னையில் 200 வார்டுகள், ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல். கும்பகோணத்தில் 48 வார்டுகள், ஒன்றுக்கு மூன்று, நான்காயிரம் பேர். இரண்டும் மாநகராட்சி என்பதால் இருவருக்கும் 10,000. பெயர்ப்பலகையைப் பார்த்துத் தொகையை வைத்தால் இப்படித்தான் ஆகும்.

குழுத் தலைவர், மண்டலத் தலைவர் போன்ற பொறுப்புகளுக்குக் கூடுதல் தொகை தருவதில் தவறில்லை. அது கட்சிக்குள் அதிருப்தியாளரைச் சமாதானப்படுத்தும் பண்டமாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ‘சிறப்புப் பொறுப்பு’ வாங்கினால், அதில் என்ன சிறப்பு என்று வாக்காளர் கேட்பார் என இங்கிலாந்தின் வழிகாட்டுதலே எச்சரிக்கிறது.

இனி, யார் நிர்ணயிப்பது? நாடாளுமன்ற உறுப்பினரின் ஊதியத்துக்கு அரசமைப்பில் 106 ஆம் பிரிவு இருக்கிறது, சட்டமன்ற உறுப்பினருக்கு 195 ஆம் பிரிவு. பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் உயிர் கொடுத்த 73, 74 ஆம் திருத்தங்கள் இட ஒதுக்கீடு, பதவிக்காலம், நிதி ஆணையம் எல்லாம் பேசுகின்றன. உறுப்பினரின் ஊதியம் பற்றி அவற்றில் ஒரு சொல் இல்லை. ஆக அது மாநில அரசின் மனம். முதல்வர் அறிவிப்பார், மன்றத்தில் நன்றித் தீர்மானம் போடுவார்கள், அடுத்த அறிவிப்பு வரும்வரை விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். உரிமையை வெகுமதியாகக் கொடுப்பதும் வாங்குவதும் இரு பக்கமும் பழகிப்போயிற்று.

வாங்குகிறவரே நிர்ணயிப்பது இதற்கு மாற்றல்ல. 2017 இல் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத வருமானம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனபோது எழுந்த முணுமுணுப்பு நினைவிருக்கலாம். நாடாளுமன்றம் 2018 இல் ஓரளவு கையைக் கட்டிக்கொண்டது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி ஊதியம் தானாக மாறும் என்று விதி செய்தது. ஒரு லட்சம் 1,24,000 ஆனது அந்தக் கணக்கில்தான். இங்கிலாந்தில் உறுப்பினர் அல்லாத குறைந்தது மூன்று பேர் கொண்ட தனிக்குழு பரிந்துரைக்க வேண்டும். அதைப் பரிசீலிக்காமல் மன்றம் தொகையை மாற்ற முடியாது, ஆனால் பரிசீலித்த பின் புறந்தள்ளலாம். வேல்ஸ் இன்னும் கறார்: வெளி அமைப்பு நிர்ணயித்ததே முடிவு. எனக்கு வேல்ஸ் வழி பிடிக்கும். உள்ளாட்சிகளுக்கான நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எப்படியும் அமைகிறது. இந்தப் பொறுப்பையும் அதன் ஆய்வு வரம்பில் எழுதிவிட்டால் புதிதாக ஓர் அலுவலகம்கூடத் தேவையில்லை. சொந்த வருவாய் இல்லாத சிறு ஊராட்சியின் தலையில் செலவைக் கட்டாமல், தொகை எங்கிருந்து வரும் என்பதையும் அதே ஆணையம் சொல்லிவிடும்.

கடைசியாக, நேரம். பதவியில் இருப்பவருக்கே நடுவழியில் உயர்வு கொடுத்தால் அது பரிசாகத்தான் தெரியும். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 உடன் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். நாற்காலிகள் காலியாக இருப்பது ஜனநாயகத்துக்கு அழகல்ல. படியைத் திருத்துவதற்கு மட்டும் அதைவிடத் தோதான காலம் இல்லை, ஏனென்றால் பணம் யார் கைக்குப் போகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2022 மார்ச்சில் பதவியேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது.