பென்டகன் தலைவர்கள் மேல் நடவடிக்கை என்று செய்தி வந்தால், அது என்ன ஆனது என்று நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மேல் பதவிநீக்கத் தீர்மானம், ராணுவத் தளபதிகளின் அதிகாரத்தைக் குறைக்க மசோதா என்று அவ்வப்போது செய்தி வருகிறது. இரண்டு நாள் பரபரப்பாக இருக்கும், அப்புறம் பேச்சே இருக்காது. அந்த மசோதா என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வாஷிங்டனில் ஆள் வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தன் மசோதாக்களையெல்லாம் காங்கிரஸ்.கவ் (congress.gov) தளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி, குற்றம் சாட்டப்பட்டவர் சிவிலியனா, சீருடைக்காரரா? பாதுகாப்பு அமைச்சர் சிவிலியன், அதனால் அவர்மேல் பதவிநீக்க விசாரணை கொண்டுவரலாம். அரசியலமைப்பு அந்த இடத்தில் 'சிவில் அதிகாரிகள்' என்றுதான் சொல்கிறது என்பதால் ஜெனரல்களும் அட்மிரல்களும் அதற்குள் வரமாட்டார்கள் என்பதே பொதுவான புரிதல். "இந்த ஜெனரலை காங்கிரஸ் பதவிநீக்கம் செய்யப்போகிறது" என்று யாராவது எழுதினால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

அமைச்சர் என்றால் எச்.ரெஸ். (H.Res., பிரதிநிதிகள் சபைத் தீர்மானம்) என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். அதைக் கொண்டுவர காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் ஒரே ஒரு உறுப்பினர் போதும், ஆனால் நிறைவேற அந்தச் சபையில் பெரும்பான்மை வேண்டும், பிறகு அவரைப் பதவியிலிருந்து நீக்க மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2024 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் தான் மருத்துவமனையில் இருந்ததை வெள்ளை மாளிகைக்கே சில நாள் சொல்லவில்லை என்று தெரிந்ததும் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார், அது வாக்கெடுப்பு வரைகூடப் போகவில்லை. அந்தக் காலத்தில் ராணுவத்துக்குப் பொறுப்பான அமைச்சரான போர்த்துறைச் செயலர் வில்லியம் பெல்க்நாப் கதை 1876-ல் நடந்தது. ராணுவக் கோட்டையில் கடை நடத்தும் உரிமைக்குக் கைமாறாகப் பணம் வாங்கினார் என்பது புகார். சபை வாக்களிப்பதற்குள் அவசரமாக ராஜினாமா செய்தார், சபை அப்படியும் விடாமல் அன்றைக்கே ஒருமனதாகக் குற்றம் சாட்டியது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தப்பிவிட்டார். பதவியை விட்டுப் போனவரை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று பல செனட்டர்கள் நினைத்ததுதான் காரணம். ஆகவே தீர்மானம் தாக்கலானது என்ற செய்தியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஜெனரல்கள் விஷயத்தில் பார்க்க வேண்டிய இடம் பதவி உயர்வும் ஓய்வும். மூன்று, நான்கு நட்சத்திர அதிகாரிகளின், அதாவது மிக உயர்ந்த நிலைத் தளபதிகளின் நியமனம் செனட்டின் ஒப்புதலுக்குப் போகும், பழைய புகார்கள் அங்கே எழலாம். ஓய்வு பெறும்போது, எந்தப் பதவி வரைக்கும் ஒழுங்காகப் பணி செய்தாரோ அந்தப் பதவியில்தான் ஓய்வு என்று காங்கிரஸ் எழுதிய சட்டம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கான அமெரிக்க ராணுவக் கட்டளையகத்தின் தலைவராக இருந்த வில்லியம் வார்ட் அரசுப் பணத்தில் முறையற்ற பயணச் செலவு செய்தார் என்று விசாரணையில் தெரிந்ததால், 2012-ல் ஒரு நட்சத்திரம் குறைக்கப்பட்டு ஓய்வு பெற்றார், 82,000 டாலர் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அவருக்கு வலித்திருக்கும், ஆனாலும் கீழ்மட்டச் சிப்பாய் ஒருவர் அரசுப் பணத்தைக் கையாடினால் என்ன நடக்கும் என்று யோசித்தால் இது போதுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, சட்டத்தையே மாற்றும் மசோதா என்றால்? இங்கேதான் நிறையப் பேர் தவறான இடத்தில் பார்க்கிறார்கள். தனி மசோதா பெரும்பாலும் குழுவிலேயே தூங்கிவிடும். வருடா வருடம் நிறைவேறும் தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம், என்டிஏஏ என்பார்கள், அதற்குள் அந்த யோசனை நுழைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். 1961-லிருந்து ஒரு வருடமும் தவறாமல் நிறைவேறி வருகிறது, அதனால் எல்லாரும் தங்கள் திருத்தத்தை அதில்தான் ஏற்றப் பார்ப்பார்கள்.

செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் 2013-ல் ஆரம்பித்த போராட்டத்தைப் பின்தொடர்ந்தால் மொத்த வழியும் புரிந்துவிடும். ராணுவத்துக்குள் பாலியல் வன்முறை நடந்தால் வழக்கு போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது அந்தப் பிரிவின் கமாண்டர், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் ஒரே மேலதிகாரி. அந்த அதிகாரத்தை ராணுவ வழக்கறிஞர்களிடம் கொடுங்கள் என்றார். 2014 மார்ச்சில் 55 பேர் ஆதரவு, 45 பேர் எதிர்ப்பு, அப்படியும் தோற்றது, விவாதத்தை முடித்து மசோதாவை முன்னே கொண்டுபோக செனட்டில் தேவைப்பட்டது 60. ஃபோர்ட் ஹூட் முகாமில் வனெஸா கியென் என்ற இளம் வீராங்கனை 2020-ல் கொல்லப்பட்ட பிறகுதான் நாடே கேள்வி கேட்டது, அந்த முகாமின் 14 அதிகாரிகள் பதவி இழந்தார்கள் அல்லது இடைநிறுத்தப்பட்டார்கள். 2021 டிசம்பரில் என்டிஏஏ வழியாக மாற்றம் வந்தது. ஆனால் கடைசிப் பேச்சுவார்த்தையில் அதைச் சுருக்கிவிட்டார்கள், அவர் கேட்ட எல்லாக் கடுங்குற்றங்களும் அதில் இல்லை. நடைமுறைக்கு வந்தது 2023 டிசம்பர் 28-ல். ஒரு உயிர் போய், எட்டு வருடம் ஓடி, அப்புறமும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதனால் என்டிஏஏ-வின் சபை வடிவம், செனட் வடிவம், இறுதி வடிவம் மூன்றையும் திறந்து ஒரே சொல்லைத் தேடிப் பாருங்கள். ஜூலையில் இருந்த பிரிவு டிசம்பரில் காணாமல் போயிருந்தால், இறுதி வடிவத்தோடு வரும் கூட்டு விளக்க அறிக்கையில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். பிரிவு தப்பித்திருந்தால் அதன் வார்த்தையைக் கவனியுங்கள். 'செய்ய வேண்டும்' என்றிருந்தால் கட்டாயம், 'செய்யலாம்' என்றால் அமைச்சர் விருப்பம், 'காங்கிரஸின் கருத்து' என்று தொடங்கினால் யாரையும் கட்டுப்படுத்தாது. அமலுக்கு வரும் தேதி பிரிவின் கடைசியில் ஒளிந்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணத்தை நிறுத்தி வைக்கும் பிரிவுகளை மட்டும் தவறவிடாதீர்கள், என் பார்வையில் உடனடியாகக் கடிப்பவை அவைதான். 2025 டிசம்பரில் கையெழுத்தான என்டிஏஏ, கரீபியன் பகுதியில் படகுகள் மேல் நடந்த தாக்குதல்களின் வெட்டப்படாத வீடியோவைக் காங்கிரஸ் குழுக்களிடம் கொடுக்கும்வரை பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்சத்தின் பயணச் செலவில் கால் பங்கை நிறுத்தி வைத்தது. இப்படி ஒரு பிரிவைக் கண்டால், எந்த ஆவணம் வேண்டும், எந்தக் குழுவிடம், நிபந்தனையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அமைச்சருக்கே இருக்கிறதா என்று மூன்றையும் படியுங்கள். கடைசி விஷயம் இருந்தால் அந்தப் பிரிவு பாதி செத்த மாதிரி.