சிறிய பனியன் கம்பெனிக்குக் கண்காணிப்புப் பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருப்பூரில் புதிதாகப் பனியன் கம்பெனி தொடங்குபவர்கள் ஓவர்லாக் இயந்திரம் வாங்கும்போது மோட்டார் முதல் ஊசி வரை துருவி விசாரிக்கிறார்கள்; கேமரா என்று வந்தால் மட்டும் "எட்டு கேமரா செட் என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கேமராக்களின் எண்ணிக்கைக்கு முன்பாக, எத்தனை நாள் பதிவு கையில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

முதற்படி: நாள் கணக்கு

துணி கட்டிங்கிலிருந்து தையல், செக்கிங், அயர்னிங் எனக் கடந்து பேக்கிங்கிற்கு வரும்போதுதான் பீஸ் குறைவது பெரும்பாலும் தெரியவரும். இடையில் பிரிண்டிங்கிற்கோ எம்பிராய்டரிக்கோ வெளியே சென்று வந்திருந்தால் இன்னும் தாமதமாகும். எங்கள் கம்பெனியில் ஒரு பண்டில் குறைந்தது பன்னிரண்டாம் நாளில்தான் கணக்கில் வந்தது. கருவியில் இருந்ததோ ஒன்பது நாள் பதிவு; பழையதன்மீது புதியது ஏறிவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குச் செல்லும் தொழிலாளர்கள் திரும்பி வேலை சூடுபிடிக்க ஒரு வாரத்திற்கு மேல் ஆகிவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால், 30 நாள் என்பதே என் பரிந்துரை.

இரண்டாம் படி: ஹார்டு டிஸ்க்

ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு நாளின் 86,400 நொடிகளுக்கு 10.8 ஜி.பி. இடம் தேவைப்படும். 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 21.6 ஜி.பி., எட்டு கேமராக்களுக்கு 172.8 ஜி.பி., 30 நாளைக்கு 5,184 ஜி.பி. ஆகிறது, ஆகவே 6 டி.பி. டிஸ்க் வேண்டும். செட்டோடு சேர்த்துத் தரும் 1 டி.பி. டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது.

இந்தக் கணக்கு எச்.265 முறையில் சுருக்கிப் பதிவு செய்யும் கருவிக்கு உரியது, பழைய எச்.264 முறையில் அதே தெளிவுக்கு ஏறக்குறைய இரு மடங்கு இடம் செலவாகும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும் வசதியால் இடம் மிச்சமாகும் என்று கடையில் சொல்வார்கள். மின்விசிறியும், தைப்பவர்களின் கைகளும், நகரும் துணியும் ஓயாத தையல் கூடத்தில் பகல் முழுவதும் அசைவுதான். மிச்சமாவது இரவு நேரம் மட்டுமே. அதை நம்பிச் சிறிய டிஸ்க் வாங்க வேண்டாம்.

கணினிக்கான சாதாரண டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கு ஏற்றதல்ல. டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு வகை டிஸ்க்கையே கேட்டு வாங்குங்கள். கருவி அதிகபட்சம் எத்தனை டி.பி. வரை ஏற்கும் என்பதை அட்டைப்பெட்டியில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: டி.வி.ஆரா, என்.வி.ஆரா?

டி.வி.ஆர். என்பது பழைய வகை அனலாக் கேமராக்களுக்கான பதிவுக் கருவி; என்.வி.ஆர். என்பது நெட்வொர்க் கேபிளில் இணையும் ஐ.பி. கேமராக்களுக்கானது. பழைய கட்டடத்தில் 3+1 கேபிள் (படத்துக்கு ஒரு வயரும், மின்சாரம் முதலியவற்றுக்கு மூன்று வயர்களும் சேர்ந்தது) ஏற்கெனவே ஓடியிருந்தால் டி.வி.ஆர். போதும். புதிதாக வயர் இழுப்பதானால் என்.வி.ஆர். நல்லது, ஏனெனில் பி.ஓ.இ. சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைத்து மின்சாரமும் தரும் பெட்டி) வைத்தால் படமும் மின்சாரமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் செல்லும். ஆனால் அந்தக் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால், தள்ளியிருக்கும் குடோனுக்கு இடையில் இன்னொரு சுவிட்ச் தேவைப்படும்.

நான்காம் படி: கேமரா வைக்கும் இடம்

முகம் அடையாளம் தெரிய வேண்டுமானால் ஒரு மீட்டர் அகலத்திற்கு சுமார் 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறையின் அளவுகோல். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,920 பிக்சல் என்பதால், ஒரு கேமராவால் ஏழரை மீட்டர் அகலத்தில் நிற்பவரை மட்டுமே நிச்சயமாக அடையாளம் காட்ட முடியும். கூடம் முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கினால் ஆள் நடமாட்டம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. எனவே கேட், லோடு ஏற்றும் இடம், பேக்கிங் மேசை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக வையுங்கள். கழிப்பறை, பெண்கள் உடை மாற்றும் அறை பக்கம் கேமரா திரும்பவே கூடாது. பெண்களை அவ்வாறு படம்பிடிப்பது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம்.

ஐந்தாம் படி: பணம் கொடுப்பதற்கு முன்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் கருவி அணைந்துபோகும். அதற்கு ஒரு சிறிய யு.பி.எஸ். அவசியம். கருவியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட டி.வி.ஆர்.களையும் கேமராக்களையும்தான் பெருமளவில் கைப்பற்றியது. கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். பதிவு நீதிமன்றம் வரை சென்றால், 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். நேரம் தவறான பதிவு அங்கே வீண் கேள்விகளைக் கிளப்பும்.

பொருத்துபவர் கிளம்பும் முன், முந்தைய நாளின் ஒரு மணி நேரத்தைத் தேடி எடுத்து பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி, அதை உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். செக்கிங் பகுதியின் கேமராக் கண்ணாடியில் பஞ்சு படிந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை சம்பளம் போடும் முன் அதைத் துடைக்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.