புது கிளட்ச் போட்ட சூப்பர்சார்ஜர் வண்டி: பெங்களூர் போய் வந்த கிலோமீட்டர் கணக்கில் வராது

போன மாதம் சேலம் அம்மாபேட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி பழைய ஹோண்டா சிட்டி ஒன்றை ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். வீடெக் எஞ்சின், அதன்மேல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சூப்பர்சார்ஜர் கிட் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), ஆறு வாரத்துக்கு முன் வேறு எங்கோ மாட்டிய பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச். "அண்ணா, நாலாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி போக மாட்டேங்குது. கிளட்ச் டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றான். பிரேக்-இன், அதாவது புது கிளட்ச்சை மெதுவாக ஓட்டிப் பழக்குவது, பண்ணினாயா என்று கேட்டேன். "800 கிலோமீட்டர் ஓட்டிட்டேங்ண்ணா, பெங்களூர் ரெண்டு தடவை போயிட்டு வந்தேன்" என்று பெருமையாகச் சொன்னான்.

எனக்குப் பழைய எரிச்சல் மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் சொல்லியிருக்கிறேன், இதே பெருமையோடு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். போல்ட்டை இறுக்க மறக்காதே, கியர் ஆயில் ஊற்ற மறக்காதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை மறப்பவர் ஸ்பேனரையே தொடாமல் இருப்பது நல்லது.

இருப்பதிலேயே பெரிய கிளட்ச்சை வாங்குவது

பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கும் டர்போவுக்கும் கிளட்ச் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. டர்போ எஞ்சின் கழிவுப் புகையின் வேகத்தில் சுழன்று, பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்க ஆரம்பிப்பதற்குள் பெரும்பாலும் நீங்கள் கிளட்ச்சை முழுவதும் விட்டிருப்பீர்கள். ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் கிராங்க்கோடு (எஞ்சினின் முக்கிய சுழல்தண்டு) சேர்ந்து சுற்றுவதால் கீழ் ஆர்பிஎம்மிலேயே தள்ள ஆரம்பித்துவிடும், அதாவது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் இருக்கிற அந்த நேரத்திலேயே டார்க் (சுழற்றும் விசை) வந்து மோதும். சென்ட்ரிஃப்யூகல் வகை கொஞ்சம் சாது, ஆர்பிஎம் ஏற ஏறத்தான் பூஸ்ட்டும் ஏறும். எனவே வாங்கும்போது குதிரைசக்தியைச் சொல்லிக் கேட்காமல், எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் என்று சொல்லிக் கேளுங்கள்.

அதற்காகப் பயந்துபோய் ரேஸ் வண்டிக்கான செராமிக் பக் பிளேட்டை (உராய்வுப் பொருள் துண்டு துண்டாக ஒட்டிய கிளட்ச் பிளேட்) வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது லைட் ஸ்விட்ச் மாதிரி, பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும், நடுவில் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ரோட்டில் வளைவில் எதிரே பஸ் வந்து நீங்கள் ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தால், வண்டி தவளை மாதிரி குதிக்கும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கனமாக இருந்தால் இடது கால் மட்டும் வலிக்காது, ஒவ்வொரு மிதிக்கும் அந்த அழுத்தம் கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங்கில் போய் உட்காரும். தினம் ஓட்டுகிற வண்டிக்கு ஆர்கானிக் லைனிங்கில் (பிளேட்டின் மேல் இருக்கிற உராய்வுப் படலம்) கொஞ்சம் கூடுதல் தாங்குதிறன் உள்ளதே போதும், இது என் கருத்து, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஃப்ளைவீலை "நல்லாத்தான் இருக்கு" என்று விடுவது

ஃப்ளைவீல் என்பது எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம், அதன்மேல்தான் கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கிறது. பழைய பிளேட் தேய்த்த தடத்தின் மேல் புது பிளேட்டை வைப்பது, அடுத்தவர் கால் அச்சு விழுந்த செருப்பைப் போட்டுக்கொள்வது மாதிரி. கையால் தடவிப் பார்த்தால் வழவழப்பாகத்தான் இருக்கும். அதில்தான் ஏமாறுகிறோம்.

முகத்தைப் புதிதாக எடுக்க வேண்டும். கிரைண்டிங் கிடைத்தால் கிரைண்டிங், இல்லாவிட்டால் நல்ல லேத்தில் ஃபேஸிங். சில ஃப்ளைவீலில் பிளேட் உட்காரும் முகம் ஒரு மட்டம், பிரஷர் பிளேட் போல்ட் ஆகும் ஓரம் இன்னொரு மட்டம். உள்ளே எடுத்த அளவு ஓரத்திலும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தமே மாறிவிடும். சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு லேத்தில் உள்முகத்தை மட்டும் அழகாகக் கடைந்து கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் மாட்டிவிட்டேன், பூஸ்ட் வந்ததும் நழுவல். தப்பு லேத்காரர் மேல் மட்டும் இல்லை, படியின் ஆழத்தை அளந்து கொடுத்து, திரும்பி வந்ததும் அளந்து வாங்க வேண்டியது நான். டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்றால் லேத் பக்கமே போக வேண்டாம், அதை மாற்றுவதுதான்.

கடைந்து வந்த ஃப்ளைவீலையும் புது பிரஷர் பிளேட்டையும் பிரேக் கிளீனரில் கழுவுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் எண்ணெய் பூசி அனுப்புவார்கள், அது அப்படியே லைனிங்கில் ஏறும்.

கியர்பாக்ஸைத் தொங்கவிடுவது

மாட்டும்போது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பிளேட்டின் ஸ்ப்ளைனில் (பள்ளம் வெட்டிய நடு ஓட்டை) நுழைந்துவிட்டது, மேலே ஒரு போல்ட் கையால் பிடித்துவிட்டது, சரி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று போகிறார்கள். அந்த நேரம் முழுக்க கியர்பாக்ஸின் பாரம் பிளேட்டின் நடு ஹப்பில் தொங்குகிறது. ஹப் லேசாக வளைந்தால் போதும், கிளட்ச் முழுதாக மிதித்தாலும் விடாது, ரிவர்ஸ் கியர் கரகரக்கும், நீங்கள் ஹைட்ராலிக்கில் ஏர் இருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்க பிளீட் பண்ணிக்கொண்டிருப்பீர்கள். கியர்பாக்ஸைத் தாங்குகிற ஜாக்கை இடையில் விலக்காதீர்கள். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டாமல் இடைவெளி இருந்தால் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், அலைன்மென்ட் சரியில்லை என்று அர்த்தம்.

பிரஷர் பிளேட் போல்ட்டும் அப்படித்தான். நட்சத்திர வரிசையில், ஒவ்வொன்றும் அரைச் சுற்று, ஒரு சுற்று என்று எல்லாமே சேர்ந்து இறங்க வேண்டும், கடைசியில் டார்க் ரெஞ்ச். ஏர் கன்னை வைத்து ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கவர் கோணிக்கொள்ளும்.

ஸ்ப்ளைனில் கிரீஸ்

பெயருக்கு ஒரு தடவல். மிச்சம் எல்லாம் சுற்றும்போது தெறித்து லைனிங்குக்குத்தான் போகும்.

பழைய ரிலீஸ் பேரிங்கையே (மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளி கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்) போடுவது

வேண்டாம்.

கிராங்க் பின்பக்க ஆயில் சீல்

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பாருங்கள். பூஸ்ட் ஏற்றிய எஞ்சினில் பிரீதர் (உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் வழி) சரியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி இந்த சீலும் அழும்.

கிலோமீட்டரை எண்ணுவது

இப்போது அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன்.

புது லைனிங்கும் புதிதாக எடுத்த ஃப்ளைவீலும் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அப்படி இல்லை. இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளம் உண்டு, மேடுகள் மட்டும்தான் ஒன்றையொன்று தொடும். பிரஷர் பிளேட் அழுத்துகிற மொத்த அழுத்தத்தையும் அந்தக் கொஞ்ச இடம்தான் தாங்குகிறது. இந்த நிலையில் முழு பூஸ்ட்டில் மிதித்தால் அந்த மேடுகள் நழுவி, நழுவிய சூட்டில் லைனிங்கில் இருக்கிற பிசின் சூடு தாங்காமல் மேலே கசிந்து கண்ணாடி மாதிரி படிந்துவிடும். அதைத்தான் கிளேஸ் ஆகிவிட்டது என்கிறோம். கண்ணாடி ஆனதும் பிடிப்பு குறையும், குறைந்ததும் இன்னும் நழுவும், நழுவினால் இன்னும் சூடு. பிரேக்-இன் என்பது அந்த மேடுகளை மெதுவாக, சூடேற்றாமல், ஒவ்வொரு முறை வண்டியை நகர்த்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, முழு முகமும் தொடும்படி செய்வது. அவ்வளவுதான் விஷயம்.

அப்படியென்றால் யோசியுங்கள், தேய்மானம் எப்போது நடக்கிறது? கிளட்ச் நழுவிப் பிடிக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் மட்டும். பிடித்து முடித்துவிட்டால் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒரே துண்டு மாதிரி சேர்ந்து சுற்றும், அப்புறம் நீங்கள் காசி வரை போனாலும் ஒரு இழை தேயாது. சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர். ஓமலூர் தாண்டினால் ஐந்தாவது கியர், டோல்கேட்டில் ஃபாஸ்டேக் இருந்தால் அங்கேயும் ஊர்ந்தே போய்விடலாம், கிருஷ்ணகிரியில் ஒரு காபி. நின்ற வண்டியை நகர்த்தியது எத்தனை தடவை என்று அந்தத் தம்பியை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன், பெங்களூர் சிக்னலை எல்லாம் சேர்த்தும் நூறைத் தொட யோசித்தான். மீட்டரில் 800, கிளட்ச்சைப் பொறுத்தவரை அது நேற்றுப் பிறந்த குழந்தை.

பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் விற்கிறவர்கள் பலரும் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர் என்றுதான் எழுதியிருப்பார்கள், ஆனால் அது ஊருக்குள் நின்று நின்று ஓட்டிய தூரம் என்று கூடவே இருக்கும். நம் ஆட்கள் எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். கோயம்புத்தூர் இரண்டு தடவை, பெங்களூர் ஒரு தடவை போய் வந்துவிட்டு, ஆயிரத்தைத் தாண்டியாகிவிட்டது என்று ஒரு ஞாயிறு காலை நேராக ஏற்காடு ஏறினேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்கி, வெளியே வரும்போது முழுசாக மிதிக்க, சூப்பர்சார்ஜர் ஊளையிட, ஆகா என்றிருந்தது. பாதி வளைவு தாண்டியிருப்பேன், ஊளை மட்டும் ஏறுகிறது, வேகமானி முள் அப்படியே நிற்கிறது. அப்புறம் அந்த வாசனை. கருகின மீனும் எரிந்த ரப்பரும் கலந்த மாதிரி, ஒருமுறை மூக்கில் ஏறினால் ஜென்மத்துக்கும் மறக்காது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம், ஃப்ளைவீலில் அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டுகள். கிளட்ச் கிட் விலை இரண்டாவது முறை, ஃபேஸிங் இரண்டாவது முறை, கூலி மட்டும் மிச்சம், ஏனென்றால் கீழே படுத்தது நானே.

சரி, எப்படி ஓட்டுவது? ஊர் மொத்தமும் திட்டுகிற டிராஃபிக்தான் இதற்கு மருந்து. மாலை ஆறு மணிக்கு ஐந்து ரோட்டில் ஆரம்பியுங்கள், ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறித் தப்பித்துவிடாதீர்கள், கீழேயே போங்கள். நாலு ரோடு, பழைய பஸ் ஸ்டாண்டு, செவ்வாய்பேட்டை லாரிகளுக்கு நடுவில் ஒரு சுற்று. முதல் கியரில் கிடைத்த குறைந்த ஆர்பிஎம்மில் நகர்த்தி, கிளட்ச்சை இழுத்துக்கொண்டே இருக்காமல் விட்டுவிடுங்கள். பூஸ்ட் கேஜ் இருந்தால் முள் பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கட்டும். காலை லேசாக வைத்திருக்கும் வரை பைபாஸ் வால்வு திறந்திருக்கும், சூப்பர்சார்ஜர் சும்மா காற்றைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்கும், எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் அது சாதாரண வண்டிதான். ஆனால் டிராஃபிக் நல்லது என்று சொன்னேன் என்பதற்காக ஆடிப் பண்டிகை நாளில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு மணி நேரம் அரைக்கிளட்ச்சில் ஊராதீர்கள், அதுவும் சூடுதான். நகர்த்து, விடு, ஓட்டு, நிறுத்து. நடுவில் ஆற வேண்டும். ஆரம்ப நாட்களில் லேசாகப் புது லைனிங் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், மூக்கைப் பிடிக்கிற அளவுக்கு வந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

கெவ்லார் (ஒரு வகை செயற்கை இழை) லைனிங் என்றால் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும், அது மெதுவாகத்தான் பழகும்.

ஏற்காடு, தொப்பூர் கணவாய், எதுவானாலும் இந்தக் காலத்தில் வேண்டாம். மலையில் இறங்கும்போது ஒன்றும் ஆகாதே என்று ஒருவர் வாதம் செய்தார். ஏறாமல் எப்படிங்க இறங்குவீங்க?

நண்பர்களுக்கு டெஸ்ட் பண்ணிக் காட்டுவது

நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் வைத்து முழுசாக மிதித்து, நழுவுகிறதா என்று பார்ப்பது நல்ல பரிசோதனைதான், பழகிய கிளட்ச்சுக்கு. கீழேயே தள்ளுகிற சூப்பர்சார்ஜர் வண்டியில், பழகாத கிளட்ச்சுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை, ஏனென்றால் வண்டி மெதுவாகத்தான் வேகமெடுக்கும், அவ்வளவு நேரமும் முழு டார்க்கும் பிளேட் மேல் நிற்கும். ஹேண்ட்பிரேக் போட்டு கிளட்ச்சை விட்டுப் பார்க்கிற கூட்டமும் உண்டு. உங்கள் நண்பர் கேட்டால் அவர் வண்டியில் செய்யச் சொல்லுங்கள்.

பிரேக்-இன் முடியும் வரை பெல்ட்டைக் கழற்றிவிடலாமா?

கூடாது. ரூட்ஸ் வகையில் பெல்ட் சுற்றாத ரோட்டர் (உள்ளே காற்றைத் தள்ளும் உருளை) எஞ்சினின் மூச்சுக்குழாயில் அடைத்த துணி மாதிரி. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. வலது காலைக் கட்டுப்படுத்துவது இதைவிடச் செலவு குறைவு.

அம்மாபேட்டைத் தம்பியின் வண்டியை இறக்கிப் பார்த்தேன். பிளேட் போய்விட்டது, பிரஷர் பிளேட்டிலும் நீலம். புது கிளட்ச் கிட் வந்து மாட்டி மூன்று வாரம் ஆகிறது. தினம் சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறான், டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்து, நின்று நகர்த்திய ஒவ்வொரு தடவைக்கும் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். நேற்று போனில், "அண்ணா, 640 ஆயிடுச்சு, இப்ப ஏற்காடு போகலாமா?" என்றான். இன்னொரு நோட்டு வாங்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.