விறகுப் போறணைப் பீட்சா: மலையகப் பயணத்தில் முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கு

எல்லவுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்களில் பலர், ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு வீதிக்கு வந்ததும், வெளிநாட்டவர் நிறைந்திருக்கும் பீட்சாக் கடைகளை எட்டிப் பார்த்து, "இது நமக்குச் சரிவராது" என்று சோற்றுக் கடைக்கு நடந்துவிடுகிறார்கள். சரிவராமல் போக அதில் என்ன இருக்கிறது? கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். மேலே தக்காளி, சீஸ். விறகில் மா வேகவைப்பதும் நமக்குப் புதிதல்ல, ஊர்ப் பேக்கரிப் போறணையில் பாண் அப்படித்தான் வெந்தது. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: விறகுப் போறணைப் பீட்சாவின் ஆயுள் பத்து நிமிடம், அதற்குள் சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைக் கோட்டைவிடாமல் இருப்பதற்குத்தான்.

1. போறணை எரிகிறதா என்று கேளுங்கள்

செங்கல் போறணை நன்றாகச் சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் பகலில் மூட்டாத கடைகளும் உண்டு. உட்காருவதற்கு முன்பே, "தம்பி, போறணை மூட்டியிருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். பரிமாறுகிறவர்களில் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். தமிழில் பேசத் தயங்க வேண்டாம். மாலையில், கூட்டம் சேருவதற்குச் சற்று முன்னால் போவது நல்லது. ஒரே நேரத்தில் இருபது ஓடர் வந்து குவிந்தால் எந்தக் கைதேர்ந்தவரும் அவசரப்படுவார்.

2. போறணை தெரியும் இடத்தில் உட்காருங்கள்

பள்ளத்தாக்கைப் பார்த்த மேசைக்குத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள். போகட்டும். மலைக் குளிரில் காற்று வீசும் மேசையில் பீட்சா இன்னும் வேகமாக ஆறிவிடும். போறணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் சூடு, பீட்சாவும் நாலு எட்டில் வந்து சேரும்.

அங்கிருந்து இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, போறணைக் கூரையின் உட்புறம். மூட்டிய புதிதில் அது கரி படிந்து கறுப்பாக இருக்கும். சூடு உச்சத்துக்கு வரும்போது அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளிறித் தெரியும். வெளிறியிருந்தால் போறணை தயார். இரண்டாவது, வாசலில் அடுக்கிய விறகு. வெட்டு முகத்தில் வெடிப்புகள் ஓடியிருந்தால் அது நன்றாகக் காய்ந்த விறகு. ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும், சூடும் ஏறாது. தேயிலைத் தொழிற்சாலையில் விறகு போட்டவர் யாராவது உங்களுடன் வந்திருந்தால், இந்தப் பாடத்தை அவரே என்னைவிட நன்றாக எடுப்பார்.

3. விலைப்பட்டியலை அடிவரை வாசியுங்கள்

பீட்சாவின் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். மார்கரிட்டா என்றால் தக்காளி, மொஸரெல்லா சீஸ், பேசில் இலை; இறைச்சி இல்லை. மரினாரா என்றால் தக்காளி, வெள்ளைப்பூண்டு, ஒரிகானோ, சீஸும் இல்லை. பெப்பரோனி பெரும்பாலும் பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் கலந்து செய்வது. ஹாம், பேக்கன் வழக்கமாகப் பன்றி இறைச்சி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், ஹலால் பார்க்கிறவர்கள், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டு ஓடர் செய்வதே மேல். போயா தினத்தில் போனால் பியர் கிடைக்காது. இஞ்சிச் சோடா இருக்கும்.

பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். சேவைக் கட்டணம் 10 சதவீதமும், வற் வரிக்குப் பதிவான கடையானால் 18 சதவீதமும் தனி என்று அதில் போட்டிருந்தால், 2,000 ரூபாய் என்று பார்த்த பீட்சா பில்லில் 2,596 ரூபாயாக வந்து நிற்கும். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருந்தால் தனியாக டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம்.

4. ஒவ்வொன்றாக ஓடர் செய்யுங்கள்

நாலு பேர் போனால் நாலு பீட்சாவை ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நம் வழக்கம். இங்கே அதை மட்டும் செய்யாதீர்கள். ஒன்று வரட்டும், நாலு பேரும் பகிர்ந்து முடியுங்கள், பாதி முடியும்போது அடுத்ததைச் சொல்லுங்கள். கல்லிலிருந்து எடுத்த ரொட்டியை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டுத் தருவதைப் போலத்தான் இதுவும். முதலாவதாக மார்கரிட்டாவையே வாங்குங்கள். மேலே கோழி, அன்னாசி, டெவல் சோஸ் என்று குவித்துவிட்டால் மாவின் தரமும் போறணையின் தரமும் தெரியாமல் மறைந்துவிடும். தவிர, பாரம் கூடினால் நடுப்பகுதி வேகாது.

5. அடுப்பில் போனதும் கண்ணை எடுக்காதீர்கள்

கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. உருண்டையை நடுவிலிருந்து வெளியே விரல்களால் அழுத்தி விரிப்பார்கள். விளிம்பை மட்டும் தொடமாட்டார்கள். அதற்குள் காற்று தங்கியிருக்க வேண்டும். நீண்ட கைப்பிடியுள்ள தட்டில் ஏற்றி, ஓர் உதறலில் போறணைத் தரையில் இறக்குவார்கள். நெருப்பு ஒரு பக்கம். சுவாலை கூரையைத் தொட்டு வளைந்து ஓடும். அடியில் செங்கல் சுடும், மேலே கூரையின் வெப்பம் இறங்கும். நெருப்பைப் பார்த்த விளிம்பு சில விநாடியில் புடைத்து, அங்கங்கே கரும்புள்ளி விழும். உடனே தட்டால் தூக்கித் திருப்பி வைப்பார்கள்.

இத்தாலியின் நேபிள்ஸ் நகர முறையில் போறணை 430 பாகை செல்சியஸுக்கு மேல் போகும். பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். அந்த ஊர்க்காரர்களின் இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கடையில் மூன்று நான்கு நிமிடம் எடுத்தால் குறையாக நினைக்க வேண்டாம். சற்றுக் குறைந்த சூட்டில் வெந்து கொஞ்சம் மொறுமொறுப்பாக வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

6. கையால் சாப்பிடுங்கள்

தட்டு மேசைக்கு வந்ததும் அரை நிமிடம் பொறுங்கள். உருகிய சீஸ் மேலண்ணத்தைப் பதம் பார்த்துவிடும். அந்த இடைவெளியில் ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் சரியான வேக்காடு. அடி முழுவதும் ஒரே கறுப்பாகி நாக்கில் கசந்தால் அது கருகல்; மாற்றித் தரக் கேட்கலாம். நடுப்பகுதி ஈரமாக, தொய்வாக இருப்பது நேபிள்ஸ் முறையில் இயல்பு. ஆனால் கடித்த இடத்தில் மா வெள்ளையாக, பசையாக ஒட்டினால் வேகவில்லை. அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், "தம்பி, இன்னும் கொஞ்சம் வேகவைத்துத் தாருங்கள்" என்றால் போதும்.

முள்ளுக்கரண்டியும் கத்தியும் வைத்திருப்பார்கள். வேண்டுமானால் பாவிக்கலாம். துண்டின் நுனியை உள்ளே மடித்து, இரு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தால் சாறு வழியாது. விளிம்பைத் தட்டில் ஒதுக்கிவிடாதீர்கள். மா நன்றாகப் புளித்திருந்ததா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்: கிழித்தால் உள்ளே பெரிதும் சிறிதுமாகத் துளைகள் இருக்க வேண்டும். உறைப்பு போதவில்லை என்றால் கட்டைச் சம்பல் இருக்கிறதா என்று கேளுங்கள். இத்தாலிக்காரர் முகம் சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.

7. மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போவதானால்

சூட்டோடு பெட்டியை மூடினால் ஆவி இறங்கி மா சவசவத்துவிடும். ஆறிய பிறகு மூடச் சொல்லுங்கள். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால், எண்ணெய் விடாத தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் வைத்து, ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். சீஸ் இளகியதும் எடுத்துவிடலாம்.